ஐம்பதுக்குள் ஐம்பது

ஜனவரி 12, ஞாயிறு

ஏரியைச் சுற்றி ஐந்து சுற்று. பத்து கிலோமீட்டர். 53:18.

போன வாரத்தைவிட நாலு வினாடி அதிகம். ஆறு நாள் பயிற்சி, தினமும் பீட்ரூட் சாறு, ஷூவுக்குள் புது மெத்தை, எல்லாம் சேர்ந்து என்னை நாலு வினாடி பின்னால் தள்ளியிருக்கின்றன. மூன்றாவது சுற்றில் ஒரு நாய் கூடவே ஓடி வந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கு அலுத்துவிட்டது போல, நடக்க ஆரம்பித்தது. நடந்தும் என் பக்கத்திலேயேதான் வந்தது. இதைக் குழுவில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14 எனக்கு ஐம்பது வயது. அதற்குள் பத்து கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்துக்குள் ஓடிவிட வேண்டும். ‘ஐம்பதுக்குள் ஐம்பது’ என்று ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் நானே எழுதி, நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அறுபத்திரண்டு பேர் இருக்கும் குழுவில் அறுபது கட்டைவிரல். ஆபீசில் மேலதிகாரி வரைக்கும் செய்தி போய்விட்டது.

ஏன் எழுதினேன்? எனக்கே தெரியவில்லை. மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். பதவி உயர்வு வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டது. என் பேருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு எண் வேண்டும். அவ்வளவுதான். அது தப்பா?

ஜனவரி 15, புதன்

எடை அளவுத் துறையில் இருபத்து மூன்று வருடம். கடைத் தராசு, பெட்ரோல் பம்பு, துணிக்கடை மீட்டர் கோல் — எது குறைந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். ‘நிராகரிக்கப்பட்டது’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும்.

இன்று ஏரி வாசலில் இருக்கும் காய்கறிக் கடை. கிலோவுக்கு இருபது கிராம் குறைவு. கடைக்காரம்மா, இருபது கிராம் கண்ணுக்கே தெரியாதே சார் என்றாள். கண்ணுக்குத் தெரிந்தால் தராசு எதுக்கம்மா என்றேன். சீட்டை ஒட்டிவிட்டு வந்தேன். ரிப்பேர் ஆகும்வரை அவள் கத்தரிக்காயை எண்ணித்தான் விற்க வேண்டும். வீடு வரும்வரை என் பதிலை நானே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்து ரசித்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

52:40. பரவாயில்லை.

மச்சினனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. மனைவியின் தம்பி. பல் டாக்டர். மணிக்கட்டில் ஒரு கடிகாரம் கட்டியிருக்கிறான். அது செயற்கைக்கோளைக் கேட்டு அவன் ஓடிய தூரத்தைச் சொல்லுமாம். அவன் தூங்கியது, மூச்சு விட்டது, இதயம் துடித்தது எல்லாம் அதில் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் தன் நாடித் துடிப்பை ஊர் நியூஸ் மாதிரி வாசிக்கிறான்.

ஐந்து சுற்று முடித்து எல்லாரும், சுற்று தொடங்கி முடியும் தூரக் கம்பத்தடியில் படுத்துவிடுவோம். இவன் மட்டும் நிற்கமாட்டான். கடிகாரம் இன்னும் பத்து சொல்லவில்லை என்று, வண்டி நிறுத்தும் இடத்தில் போய் செக்குமாடு மாதிரி சுற்றுவான். அது ‘பீப்’ என்ற பிறகுதான் தண்ணீரே குடிப்பான். இன்று எனக்கு முன்னாலேயே கம்பத்தைத் தாண்டினான். தாண்டினவன் நிற்க வேண்டியதுதானே? 51:30 என்று குழுவில் போட்டிருக்கிறான். நான் சிரித்துக்கொண்டே ‘செக்குமாடு சங்கம் வாழ்க’ என்று போட்டேன். நாற்பத்தொரு கட்டைவிரல்.

அந்தக் கடிகாரத்தை யார் சோதித்தார்கள்? முத்திரை எங்கே? என் ஸ்டாப் வாட்ச் எங்கள் துறைச் சோதனைக் கூடத்தில் போன வருடம் ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி சோதிக்கப்பட்டது. வினாடியில் நூறில் ஒரு பங்கு சுத்தம். சான்றிதழை லாமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

மழை. ஓடவில்லை. ஓடாமல் இருந்ததற்குக் குழுவில் எட்டு வரி விளக்கம் எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

இன்று வீட்டில் ஒரு சின்னச் சச்சரவு.

மனைவிக்குத் தையல் கடை. வீட்டின் முன் அறைதான் கடை. வந்தவர்களின் அளவை முதலில் பென்சிலில் எழுதுவாள். தைத்து, போட்டுப் பார்த்து, உடம்பில் சரியாக உட்கார்ந்தால்தான் அதே எண்ணின் மேல் பேனாவை ஓட்டுவாள். இருபது வருடமாக அப்படித்தான். எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்கும், ஆனால் சொன்னதில்லை.

சாயங்காலம் அவளும் ஏரியைச் சுற்றி நடக்கிறாள். இன்று பித்தான் தைத்துக்கொண்டே, “பம்ப் ஹவுஸ் கட்டினப்போ பாதையை உள்ளே தள்ளிப் போட்டாங்கல்ல, அதுலேர்ந்து சுத்து குறைஞ்சிருக்குங்க. முன்னே மூவாயிரத்து முந்நூறு அடி வெப்பேன். இப்போ நூறு குறையுது” என்றாள்.

காலடி ஒரு அளவா என்று கேட்டேன். செருப்பு மாறினால் மாறும், கோபம் வந்தால் மாறும். கம்பத்தில் அரசாங்கமே 2 கி.மீ. என்று பெயின்ட் அடித்து வைத்திருக்கிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் நூலைப் பல்லால் கடித்தாள். கல்யாணமான புதிதில் அவளுடைய டேப் நாலு மில்லிமீட்டர் இழுத்துப்போயிருந்ததைக் கண்டுபிடித்துக் குப்பையில் போட்டேன். அது அவள் அம்மா கொடுத்த டேப் என்று பிறகுதான் தெரிந்தது. அதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

51:35.

மார்ச் 2, ஞாயிறு

50:49. வீட்டுக்கு வந்து படியேற முடியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். எதிர்வீட்டுக்காரர், யாராவது தவறிட்டாங்களா என்று விசாரித்தார்.

மார்ச் 23, ஞாயிறு

49:47.

இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். 49:47.

நாற்பத்தொன்பது நிமிடம் நாற்பத்தேழு வினாடி. ஸ்டாப் வாட்சை அழுத்தினேன், கீழே விழுந்தேன், விழுந்தபடியே பார்த்தேன். கண் கூசியது. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். குழுத் தலைவர் ஓடி வந்து தூக்கினார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்; யாரைத் தூக்கினாலும் முதலில் கியரைத் தேடுகிற கை. இடுப்பில் நல்ல வலி. பரவாயில்லை.

அழுதேன். வேர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

மச்சினனும் இன்று ஓடினான். கம்பத்தை எனக்கு ஒரு நிமிடம் முன்னால் தாண்டி, வழக்கம்போலப் போய்ச் சுற்றி, கடைசியில் 50:20 என்று எழுதச் சொன்னான். தலைவர் எழுதினார். அவன் தலையெழுத்து.

மார்ச் 30, ஞாயிறு

ஏரி வாசலில் சாதனைப் பலகை திறந்தார்கள். ‘10 கி.மீ. — 45 வயதுக்கு மேல்’ என்ற வரிசையில் முதல் பெயர் என்னுடையது. 49:47. மச்சினன் 50:20. தலைவர் 58:30, அவரும் ஒரு மணி நேரத்துக்குள் ஓடியவர்கள் பட்டியலில் ஏறிவிட்டார். அளவைத் துறையே நம்ம ஏரியில சாதனை பண்ணியிருக்கு என்று மைக்கில் பேசினார். ஒரு கோப்பை கொடுத்தார்கள். பிடி கழன்று வந்தது. ஒட்டிக்கொள்ளலாம்.

பலகையை நாலு கோணத்தில் போட்டோ எடுத்தேன். மகளுக்கு அனுப்பினேன். “சூப்பர்ப்பா” என்று பதில். ஒரே சொல்தான், ஆனால் நாள் முழுக்கப் போதுமாக இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

மச்சினன் சாப்பிட வந்திருந்தான். பேச்சுவாக்கில், “மாமா, நீங்க அஞ்சு சுத்து முடிச்சிருக்கீங்க. பத்து கிலோமீட்டர் இன்னும் முடிக்கல” என்றான்.

பொறாமை. வேறென்ன? தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். மனைவி யார் பக்கமும் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஏப்ரல் 21, திங்கள்

மேசையில் ஒரு விண்ணப்பம். எங்கள் குழுவினுடையதுதான். ஜூன் ஒண்ணாம் தேதி ஊர் முழுவதற்கும் பத்து கிலோமீட்டர் பந்தயம் வைக்கிறார்களாம். பரிசு தரும் ஷூ கடைக்காரர், தூரத்துக்குத் துறைச் சான்றிதழ் கேட்டிருக்கிறார். ‘இவரே ஓடுகிறவர், இவரே அளக்கட்டும்’ என்று மேலதிகாரி என் பேருக்கு எழுதிவிட்டார்.

நல்லது. மச்சினன் வாயை அரசாங்கக் காகிதத்தாலேயே அடைத்துவிடலாம்.

ஏப்ரல் 26, சனி

அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு விடியற்காலையில் போனேன். கம்பத்தில் தொடங்கிக் கம்பத்தில் முடித்தேன். 1,943 மீட்டர்.

சக்கரம் கோளாறு என்று நினைத்தேன். திரும்ப உருட்டினேன். 1,942. பாதையின் வெளி ஓரத்தில் ஒட்டி உருட்டினால் கூடுமோ என்று, புல்லில் ஏறி, புதரில் இறங்கி உருட்டினேன். 1,951. வாக்கிங் வந்த ஒரு பெரியவர், என்ன தொலைஞ்சுபோச்சு தம்பி, நானும் தேடட்டுமா என்றார்.

ஆபீசுக்குப் போய்ச் சக்கரத்தைச் சோதித்தேன். சக்கரம் பத்தரை மாற்றுத் தங்கம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எஃகு டேப். ஐம்பது மீட்டர். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். ஆபீஸ் ஆள் வந்தால் விஷயம் திங்கட்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மனைவியைக் கூப்பிட்டேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

அவள் பிடிக்க, நான் இழுக்க, அவளுடைய தையல் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டே போனோம். முப்பத்தெட்டு முழு டேப். அப்புறம் நாற்பத்திரண்டு மீட்டர். ஆக 1,942. பம்ப் ஹவுஸ் வளைவில் பழைய பாதையின் கல் வரிசை செடிக்குள் இன்னும் தெரிகிறது. பாதை உள்ளே வந்துவிட்டது, கம்பத்தில் எழுதிய எண் அப்படியே நின்றுவிட்டது. சுற்றுக்கு ஐம்பத்தெட்டு மீட்டர் குறைவு. ஐந்து சுற்றுக்கு இருநூற்றுத் தொண்ணூறு.

கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “என் டேப்பை நாலு மில்லிக்குத் தூக்கிப் போட்டீங்க.”

குத்திக்காட்டினாளா, சும்மா சொன்னாளா? குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மன்னிச்சுக்கோ என்று வாய் வரைக்கும் வந்தது. இருபத்து நாலு வருடம் லேட். வெளியே வரவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

கணக்குப் போட்டேன். போடாமலே இருந்திருக்கலாம். அதே வேகத்தில் முழு பத்து கிலோமீட்டர் ஓடியிருந்தால் 51:16. ஐம்பதைத் தாண்டி. மச்சினனுக்கும் பின்னால். அவன் 50:20 சொக்கத் தங்கம் — சுற்றிச் சுற்றி முடித்தான் பாவி.

நூறில் ஒரு பங்கு வினாடி வரைக்கும் கடிகாரத்தைச் சோதித்தவன், காலுக்குக் கீழே இருந்த தரையைச் சோதிக்கவில்லை. டேய், இருபத்து மூன்று வருஷம் என்னத்தடா கிழிச்சே?

கிலோவுக்கு இருபத்தொன்பது மீட்டர். அந்தம்மா தராசில் இருபது கிராம்தான்.

மே 2, வெள்ளி

‘கொஞ்சம் சிக்கல்’ என்று தலைவரிடம் போனில் சொல்லியிருந்தேன். இன்று வீட்டுக்கே வந்துவிட்டார். குழுவின் புது டீ-ஷர்ட் ஒன்றை மடியில் வைத்தார். என் சைஸ்.

ஓட்டம்ங்கறது மனசில் இருக்கு, மீட்டரில் இல்லை என்று ஆரம்பித்தார். நாற்பது பேருடைய சாதனை அந்தப் பலகையில் இருக்கிறது, ஒருவர் தன் பையனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அதைச் சொல்லியிருக்கிறார் என்றார். அப்புறம் ஒன்று கேட்டார். அதை அப்படியே எழுதுகிறேன்:

“கம்பத்தை நட்டது யாரு சார்? அரசாங்கம். நீங்க யாரு? அரசாங்கம். அரசாங்கத்தை அரசாங்கமே சந்தேகப்படலாமா?”

கையெழுத்துப் போட்டால் என்ன குடி முழுகிவிடும்? யார் டேப் எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றப் போகிறார்கள்? பலகையில் என் பெயர் இருக்கும். ஆகஸ்டில் நிம்மதியாக ஐம்பது வயதாகலாம். டீ-ஷர்ட்டைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மே 5, திங்கள்

ஜுரம் என்று லீவு. மனைவி தெர்மாமீட்டர் வைத்தாள். 98.4. எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு, கஞ்சி வேணுமா, சோறு வேணுமா என்று கேட்டாள். சோறு என்றேன்.

மே 7, புதன்

ஏரி வாசலில் காய்கறிக் கடைக்காரம்மா கூப்பிட்டு நிறுத்தினாள். ஜனவரியில் ஒட்டிய சீட்டுக்குத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. தராசை ரிப்பேர் பண்ணிட்டேன், இப்ப ஒரு கிராம் பிசகாது என்றாள். வாங்க வருகிறவர்களுக்குப் பலகையைக் காட்டி, இந்த சார்தான் என் தராசைப் பார்த்தவர் என்று சொல்வாளாம்.

“உங்க பேருக்கு நேரா இருக்கற கணக்குல தப்பு இருக்காதுன்னு சொல்வேன் சார்.”

வெண்டைக்காய் வாங்காமலே வந்துவிட்டேன். வாங்கத்தான் போயிருந்தேன்.

மே 8, வியாழன்

கையெழுத்துப் போட்டேன். ‘சுற்று: 1,942 மீட்டர். ஐந்து சுற்று: 9,710 மீட்டர். பத்து கிலோமீட்டர் என்ற கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’

அதற்கு முன்னால் பேனாவை மூன்று தடவை மூடித் திறந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மே 11, ஞாயிறு

குழுவின் அவசரக் கூட்டம், வண்டி நிறுத்தும் இடத்தில். நாற்பது பேர். இத்தனை பேர் ஓட்டத்துக்குக்கூட வந்ததில்லை. நான் எழுந்து அறிக்கையை வாசித்தேன். என் 49:47 செல்லாது, அது உண்மையில் 51:16 என்று நானே சொன்னேன். தலைவருடைய 58:30 ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது என்று சொன்னபோதுதான் கூட்டம் சூடானது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெண் பார்க்கப் போன இடத்தில் சாதனையைச் சொன்னவர் எழுந்தே போய்விட்டார்.

கடைசியில் தீர்மானம்: ‘நம் ஏரியின் கிலோமீட்டர் நம் குழுவின் மரபு.’ பலகை அப்படியே இருக்கும். பந்தயத்தின் பெயர் மட்டும் ‘ஐந்து சுற்றுப் பெரு ஓட்டம்’ என்று மாறும். கிலோமீட்டரே இல்லாத பந்தயத்துக்குச் சான்றிதழ் எதற்கு? ஷூ கடைக்காரருக்கும் சம்மதமாம். இருபத்து மூன்று வருடத்தில் இவ்வளவு கெட்டிக்காரக் கடைக்காரர்களை நான் பார்த்ததில்லை.

ஆதரவு முப்பத்தெட்டு. நான் சம்பந்தப்பட்ட அதிகாரி என்பதால் எனக்கு ஓட்டு இல்லை. எதிர்ப்பு ஒன்று. கையைத் தூக்கினவன் மச்சினன். கடிகாரம் கட்டிய கை.

என் பெயரை மட்டுமாவது எடுத்துவிடுங்கள் என்றேன். ஒன்றை எடுத்தால் எல்லாம் ஆட்டம் காணும் என்றார் தலைவர். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

மே 13, செவ்வாய்

மச்சினனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னால் மனைவி பார்ப்பாள். கிளினிக்குக்குப் போனேன். வெளியே ஆறு பேர் உட்கார்ந்திருக்க, சும்மா வந்தேன் என்று சொல்ல முடியவில்லை. பல் வலி என்றேன். படுக்க வைத்து, வாயில் பஞ்சை அடைத்து, விளக்கைக் கண்ணுக்கு நேராகத் திருப்பினான்.

நீ சொன்னது சரி என்று சொன்னேன். ‘ஈ ஒன்னது அயி’ என்று வந்தது. இன்னொரு தடவை முயன்றேன். எச்சில்தான் வழிந்தது.

“தெரியும் மாமா, அக்கா சொல்லிட்டா. பெரிசா திறங்க” என்றான். பிறகு குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தான். “நிஜமாவே ஒரு சொத்தை இருக்கு மாமா.”

மே 18, ஞாயிறு

விடியற்காலையில் பலகைக்குப் போனேன். அடுத்தவர்கள் பெயரைத் தொட எனக்கு உரிமை இல்லை. என் பெயர் என்னுடையது. பையிலிருந்து சிவப்புச் சீட்டு எடுத்து 49:47 மேல் ஒட்டினேன். ‘நிராகரிக்கப்பட்டது.’ தேதி, கையெழுத்து. ஆபீஸ் சீட்டைச் சொந்த விஷயத்துக்கு எடுத்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

கடை போட்டுக்கொண்டிருந்த அம்மா வந்து பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“என் தராசுல ஒட்டின அதே சீட்டா சார்?”

அதேதான் என்றேன்.

“ரிப்பேர் பண்ணிட்டா எடுத்துடலாம் சார்” என்றாள். எனக்கே ஆறுதல் சொல்கிறாள். அன்றைக்கு வாங்காத வெண்டைக்காயை இன்று வாங்கினேன்.

ஜூன் 1, ஞாயிறு

பெரு ஓட்டம் நடந்ததாம். நானூறு பேராம். எல்லாருக்கும் சாதனை நேரமாம். நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஓட்டத்தை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். காலை ஐந்தரைக்கு மச்சினன் வந்து மணி அடித்தான். ஷூ போடுங்க மாமா என்றான்.

வண்டி நிறுத்தும் இடத்தில் எஃகு டேப்பை வைத்து, மனைவியின் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். சுற்றளவு சரியாக ஐம்பத்தெட்டு மீட்டர். ஏரியில் ஐந்து சுற்று, வட்டத்தில் ஐந்து சுற்று. ஆக பத்து கிலோமீட்டர், ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குழுவினர் கம்பத்தடியில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். யாரோ ‘செக்குமாடு சங்கம் வாழ்க’ என்றார்கள். என் சொந்த ஜோக். இந்தப் பக்கம் நின்று கேட்டால் அவ்வளவு நன்றாக இல்லை.

52:05.

ஜூன் 29, ஞாயிறு

51:02. உண்மையான 51:02.

ஜூலை 13, ஞாயிறு

50:29. கடைக்காரம்மா தக்காளி அடுக்கிக்கொண்டே எங்கள் வட்டத்தை எண்ணுகிறாள். நாலாவதை மூணு என்று எண்ணிவிட்டாள். ஒரு வட்டம் கூடுதலாக ஓடினோம். அவள் எடை விஷயத்தில் இப்போது கூட்டித்தான் போடுகிறாள்.

ஜூலை 27, ஞாயிறு

50:11. பதினோரு வினாடி. இன்னும் இரண்டு ஞாயிறு. மனைவியிடம், முடியாதுன்னு தோணுது என்றேன். முடியலைன்னா ஐம்பது வயசாகாம நின்னுடுமா என்றாள். அதுவும் சரிதான். ஆனாலும் ஆசையாக இருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: ரொம்ப ஆசையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஓடவில்லை. ஒரு ஞாயிறு போச்சு.

ஆகஸ்ட் 4, திங்கள்

லாமினேட் செய்த சான்றிதழை இன்று எடுத்துப் பார்த்தேன். செல்லுபடியாகும் கடைசி நாள்: ஜூலை 31.

வாட்சை எடுத்துக்கொண்டு சோதனைக் கூடத்துக்கு ஓடினேன். வரிசையில் முப்பது தராசு. பதினைந்து நாள் ஆகும் சார் என்றார்கள். நம்ம ஆபீஸ்தானே, கொஞ்சம் முன்னால் பார்க்கக் கூடாதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வாட்ச் இல்லாமல் ஓடினேன். கை வெறுமையாக இருந்தது, ஒரு மாதிரி இருந்தது. மச்சினன் அரை அடி முன்னால் ஓடினான். நேரம் சொல்லக் கூடாது என்று கண்டிஷன் போட்டிருந்தேன். அவன் மூச்சை வைத்தே நான் மூச்சு விட்டேன். நாலாவது சுற்றில் அந்த நாய் வந்தது. இந்தத் தடவை அதுவும் ஓடித்தான் வர வேண்டியிருந்தது.

வட்டத்துக்குள் நுழைந்தபோது கால் என்னுடையதாகவே இல்லை. கடைக்காரம்மா எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு, போதும் சார், நில்லுங்க என்றாள். வாசலில் மனைவி நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குக் கடையில் கூட்டம் இருக்கும். ஏன் வந்தாள்?

மச்சினன் கையைத் திருப்பிக் காட்டினான். பார்த்தேன்.

மார்ச்சில் நேரம் சரி, தூரம் பொய். இன்று தூரம் சரி, நேரத்துக்கு முத்திரை இல்லை. ஓர் அதிகாரியாக இதை நான் ஏற்க முடியாது. முத்திரையில்லாத கருவி காட்டும் எந்த எண்ணும் செல்லாது என்று எத்தனை கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன்? மச்சினனிடமும் அப்படியே சொன்னேன். அவன் கோபப்படவில்லை. சரி மாமா, உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு, தன் நாடித் துடிப்பைப் பார்த்துக்கொண்டான்.

எழுதாமல் விடவும் மனசு வரவில்லை. பென்சிலில் எழுதி வைக்கிறேன்.

49:58.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஐம்பது.

மகள் போன் செய்தாள். மச்சினன் சொத்தைப் பல்லை அடைத்துவிட்டான், பரிசாம். குழுவிலிருந்து வாழ்த்து ஒன்றும் வரவில்லை.

எழுத உட்கார்ந்து முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பென்சிலில் எழுதிய எண்ணின் மேல் பேனா ஓடியிருக்கிறது. என் கையெழுத்து இல்லை.

முன் அறையில் தையல் மிஷின் சத்தம். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்த டேப்புக்கு மன்னிச்சுக்கோ என்றேன். தலை நிமிராமல், எந்த டேப் என்று கேட்டாள்.